வீ (நிகழ்பட ஆட்டக் கருவி)

வீ என்பது சப்பானிய நிறுவனமான நின்டெண்டோவினால் 2006 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட நிகழ்பட ஆட்டக் கருவியாகும். சோனியின் பிளேஸ்டேசன் 3, மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியன இதன் போட்டிக் கருவிகளாகும். இவ்விரண்டையும் விட வீயின் வன்பொருள் திறன் மிகவும் குறைவானது. எனினும் 10 கோடிக்கும் மேற்பட்ட வீ கருவிகள் விற்பனையாகின. ஆட்டக் கருவிகளில் வன்பொருள் திறன் முதன்மையானதா, புதிய ஆட்டமுறை முதன்மையானதா என்ற விவாதத்தில் வீ அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

பின்னணி

நின்டெண்டோவின் பொறியாளரான குன்பே யோக்கோய், விலை குறைந்த, நன்கு பழகிய தொழினுட்பத்தைப் புதிய வகையில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையுடையவர். 1989 இல் வெளிவந்த கேம் பாய் இக்கொள்கையின் அடிப்படையில் அமைந்தது. வண்ணத்திரை கொண்ட சேகாவின் கேம் கியர் மின்கலங்களை விரைவில் தீர்த்துவிட்டது. வண்ணமற்ற திரை கொண்ட கேம் பாய் நீண்ட நேரம் இயங்கியதுடன் விலையும் குறைவாக இருந்தது. விற்பனையில் கேம் பாயே வென்றது.

2001 இல் வெளிவந்த கேம்கியூப், பிளேஸ்டேசன் 2 ஐ விட வரைகலைத் திறன் மிக்கதாக இருந்தும் சுமார் 2.2 கோடி மட்டுமே விற்பனையானது. பிளேஸ்டேசன் 2 இன் விற்பனை 15 கோடியைத் தாண்டியது. 2002 இல் நின்டெண்டோவின் தலைவரான சத்தோரு இவாட்டா, ஆட்டங்களில் ஈடுபாடற்றவர்களையும் ஈர்க்கும் கருவியை உருவாக்க முனைந்தார்.

வன்பொருள்

வீயின் மையச் செயலி ஐபிஎம் நிறுவனத்தினுடையது. 729 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்குவது. முதன்மை நினைவகம் 88 மெகாபைட்டு ஆகும். படவெளியீடு 480 கிடைக்கோடுகளுடன் நின்றுவிடும். போட்டிக் கருவிகள் இரண்டும் உயர் தெளிவுத்திறன் கொண்டவை. அமெரிக்காவில் வீயின் தொடக்க விலை 250 டாலர். பிளேஸ்டேசன் 3 இன் விலை, வகையைப் பொறுத்து, 500 அல்லது 600 டாலர்.

கட்டுப்பாட்டுக் கருவி

வீ ரிமோட்டில் உள்ள முடுக்கமானி கையின் அசைவை உணர்கின்றது. தொலைக்காட்சியின் மேல் அல்லது கீழ் வைக்கப்படும் பட்டை, 'சென்சார் பார்' என அழைக்கப்பட்டாலும் எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலிருந்தும் வெளிப்படும் அகச்சிவப்பு ஒளியை ரிமோட்டிலுள்ள ஒளிப்படக்கருவியே காண்கின்றது. அதைக் கொண்டு திரையில் சுட்டப்படும் இடம் கணிக்கப்படுகின்றது. டென்னிசு, பந்துருட்டல் போன்றவற்றைக் கொண்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' பல நாடுகளில் கருவியுடனேயே வழங்கப்பட்டது. பொத்தான்களை மனனம் செய்யத் தேவையின்மையால் முதியோரும் இதனை விளையாடினர்.

விற்பனையும் விமர்சனங்களும்

பிளேஸ்டேசன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய இரண்டும் தனித்தனியே 8 கோடிக்கு மேல் விற்பனையாகி வீக்கு அடுத்த இடங்களைப் பெற்றன. சோனி தொடக்கத்தில் பிளேஸ்டேசன் 3 ஐ உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கு விற்றதனால் பெரும் இழப்பைச் சந்தித்தது. 2010 இல் சோனி 'மூவ்', மைக்ரோசாப்ட் 'கினெக்ட்' ஆகிய அசைவுணர் கருவிகளை வெளியிட்டன.

மறுபுறம், வன்பொருள் குறைபாட்டினால் 2008 இல் வெளிவந்த 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ 4' போன்ற பெரிய ஆட்டங்கள் வீக்கு வெளியாகவில்லை. உயர் தெளிவுத்திறன் தொலைக்காட்சிகள் பரவியபோது இதன் படத்தரம் பின்தங்கியது. 2010 க்குப் பின் விற்பனை விரைவாகச் சரிந்தது.

பின்வந்த கருவிகள்

2012 இல் வெளிவந்த வீ யூ, தொடுதிரை கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியுடன் அமைந்தது. புதுமையாக இருந்தும் அது சுமார் 1.36 கோடி மட்டுமே விற்பனையானது. ஆகவே புதிய ஆட்டமுறையும் தனித்து வெற்றியை உறுதி செய்வதில்லை எனலாம். 2017 இல் வெளியான ஸ்விட்ச், வீட்டிலும் வெளியிலும் விளையாடத்தக்கது. பிளேஸ்டேசன் 4 ஐ விடத் திறன் குறைந்ததாயினும் அதன் விற்பனை 15 கோடியைக் கடந்தது.