எச்.ஐ.வி.யும் எச்.பி.வி.யும் சேரும்போது: கருப்பைவாய்ப் புற்றுநோய் அபாயம்

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி.யின் நீடித்த தொற்றால் உண்டாகிறது. இத்தொடர்பைக் கண்டறிந்தமைக்காக ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸின் பல வகைகளுள் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன.

எனினும், எச்.பி.வி. தொற்று ஏற்பட்ட அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பெரும்பாலான பெண்களின் உடல், ஓரிரு ஆண்டுகளில் தானாகவே இவ்வைரஸை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிடும் தொற்றே ஆபத்தானது.

எச்.ஐ.வி. தொற்றும் உடனிருக்கும்போது இந்த இயல்பான பாதுகாப்பு குலைகிறது. எச்.ஐ.வி. கருப்பைவாய்ச் செல்களை நேரடியாகப் புற்றுநோயாக மாற்றுவதில்லை. அது சிடி4 வெள்ளணுக்களைக் குறைப்பதால், எச்.பி.வி.யை அடையாளம் கண்டு அழிக்கும் ஆற்றல் உடலுக்குக் குறைகிறது. தங்கிவிட்ட எச்.பி.வி.யின் ஈ6, ஈ7 என்னும் புரதங்கள், செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53, ஆர்.பி. ஆகிய காப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இயல்பான எதிர்ப்பாற்றல் உள்ளவரிடம் புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் இம்மாற்றம், எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே நிகழக்கூடும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிடச் சுமார் 6 மடங்கு அதிகம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்றுக்கும் இதில் பங்கு உண்டா என ஆராயப்பட்டது. ஆனால் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

“அதற்குத்தான் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேனே” என்பது வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் பதில். ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துகள் எதிர்ப்பாற்றலை மீட்டு அபாயத்தைக் குறைக்கின்றன. ஆகவே அவற்றை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆனால் அவை எச்.பி.வி.யை அழிப்பதில்லை. உங்கள் இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்திருந்தாலும் கருப்பைவாய்ப் பரிசோதனை தேவை.

எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏனையோருக்கு இது 30 வயதில் தொடங்கும். அரசு மருத்துவமனைகளில் பரவலாகச் செய்யப்படும் வி.ஐ.ஏ. பரிசோதனையில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்ணிற மாற்றம் தோன்றுகிறதா எனப் பார்ப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. முடிவு அப்போதே தெரியும். மாற்றம் தென்பட்டால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. புற்றுநோய்க்கு முந்தைய நிலையாயின், உறைய வைத்தோ வெப்பத்தாலோ அப்பகுதியை நீக்கிவிடலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது மீண்டும் தோன்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், 12 மாதங்களில் மறுபரிசோதனைக்கு வரத் தவறாதீர்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளதை நீக்காது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் குறைந்தது இரண்டு தவணைகள், இயன்றால் மூன்று தவணைகள் போடப்பட வேண்டும்.

எச்.ஐ.வி. நிலை வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் தகவலின் இரகசியத்தைப் பாதுகாக்கிறது.

உடலுறவுக்குப் பின்போ, மாதவிடாய் நின்ற பின்போ இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.