அச்சும் பட்டையும்: நேர்ப்பந்தயக் கார்களின் பட்டறை வரலாறு

சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து உளுந்தூர்பேட்டையை அடைகிறது. அவ்வூரருகே இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1993இல் தென்னாற்காடு பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் அதுவும் பிரிந்தபோது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அத்தளம் சேர்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அதே போர் விட்டுச்சென்ற மற்றோர் ஓடுதளம் இருக்கிறது. ஒன்று போருக்குப்பின் பேச்சற்றுக் கிடந்தது. மற்றொன்று இந்தியக் கார்ப் பந்தயத்தின் தொட்டிலாயிற்று. போர் எறிந்துவிட்டுப் போன பொருள்களைக் கொண்டு மனிதர்கள் என்ன செய்தார்கள் என்னும் வரலாற்றின் ஒரு சிறு கிளையை இங்கே தொடர்ந்து பார்க்கலாம்.

இக்கிளை தொடங்குவது அமெரிக்காவில். கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், விமானநிலைய ஓடுபாதையொன்றில், 1950ஆம் ஆண்டு சி. ஜே. ஹார்ட்டும் கூட்டாளிகளும் முறையான நேர்ப்பந்தயங்களை நடத்தத் தொடங்கினர். இரண்டு கார்கள் அருகருகே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர், ஓடவேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 1955இல் அச்சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்திய கான்சாஸ் மாநிலத்து கிரேட் பெண்ட் தளமும் போர்க்கால விமானத்தளமே.

பந்தயக்காரர்களில் பலர் எளிய குடும்பத்து இளைஞர்கள். பழைய காரை வாங்கி வலிய எஞ்சினைப் பொருத்துவது அவர்கள் வழக்கம். அங்கேதான் சிக்கல் முளைத்தது. எஞ்சின் வலுத்தது, பின்னச்சைத் தாங்கிய பட்டைகள் பழையனவாகவே இருந்தன.

மாட்டுவண்டியை அறிந்தவர்க்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். மாட்டுவண்டியில் இழுவிசை நுகத்தடியில் பிறக்கிறது. சக்கரம் உருள்வதோடு சரி. பின்சக்கரத்தால் ஓடும் காரிலோ சக்கரமே நிலத்தை உதைத்து வண்டியைத் தள்ளுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, அதற்கு எதிர்விசையாக அச்சுக்கூடு பின்னோக்கித் திரும்ப முயல்கிறது. அதன் மூக்காகிய பினியன் பகுதி மேலே எழும்புகிறது. அச்சோடு பிணைத்திருக்கும் ஸ்பிரிங் பட்டையின் முன்பாதி மேலும் பின்பாதி கீழுமாக வளைந்து பாம்புபோல் நெளிகிறது. ஓர் எல்லையில் டயர் வழுக்கும், விசை தளரும், பட்டை நிமிரும், டயர் மீண்டும் பற்றும், பட்டை மீண்டும் நெளியும். நொடிக்குப் பலமுறை இது நிகழ்கையில் பின்சக்கரங்கள் குதிக்கின்றன. நேரம் வீணாவதோடு, ஜாயிண்ட் உடையலாம், அச்சே முறியலாம். வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உவமையாக்கினார். அவர் கண்டது மிகைப்பாரத்தால் வரும் முறிவு. இதுவோ மிகைவிசையால் வரும் முறிவு.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் பட்டறைக்காரர்கள். முதல் வழி மிக எளியது: பட்டைகளின் முன்பாதியை இரும்புப் பிடிகளால் இறுக்கிக் கட்டுவது. அடுத்தது, அச்சுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பிணைத்து, அதை முன்னோக்கி நீட்டி, நுனியில் ரப்பர்க் கட்டை வைப்பது. அச்சு திரும்ப முயலும்போது சட்டத்தின் நுனி மேலெழுந்து பட்டையின் முன்கண்ணருகே மோதி நிற்கும். நெளிவும் அதோடு நிற்கும். மூன்றாவது, குழாய்களை ஏணிபோல் ஒட்டவைத்து, ஒரு முனையை அச்சுக்கூட்டில் இரண்டிடத்திலும் மறுமுனையைச் சட்டகத்தில் ஓரிடத்திலும் பொருத்துவது. பழைய குழாயும் கோண இரும்பும் வெல்டிங் குச்சியுமே மூலதனம்.

மற்றொரு நுட்பத்தையும் அவர்கள் கண்டுகொண்டனர். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டு சுழலும் திசையால், புறப்படும் வேளையில் வலப் பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே கனத்த பாட்டரியை முன்புறத்திலிருந்து எடுத்து டிக்கியின் வலமூலையில் வைத்தனர். டெட்ராய்ட்டில் கிறைஸ்லர் பொறியாளர்கள் சிலர் ராம்சார்ஜர்ஸ் என்னும் குழுவாகக் கூடி, ஓய்வுநேரத்தில் ஒரு 1949 பிளிமத் காரை விந்தையாக உயரத் தூக்கிக் கட்டினர். காரின் கனம் உயரத்தில் இருந்தால் புறப்படும்போது பாரம் பின்சக்கரத்துக்கு மிகுதியாகச் சாயும் என்பது அவர்கள் கணக்கு. முன்பாரம், பின்பாரம் என்று நம் வண்டிக்காரர்கள் மூட்டையை நகர்த்திவைத்துச் சரிசெய்ததும் இக்கணக்கின் உறவே. வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைக் காக்கப் பாரத்தை நகர்த்தினார். பந்தயக்காரர் டயரின் பிடியைப் பெருக்க நகர்த்தினார்.

பட்டறையில் பிறந்தது பின்னர்த் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. 1965இல் ஷெல்பி ஜி.டி. 350 மஸ்டாங் கார்கள் இத்தகைய சட்டங்களோடே விற்பனைக்கு வந்தன. 1967இல் ஒற்றைப் பட்டையோடு வந்த செவ்ரோலே கமாரோ, சக்கரம் குதிப்பதற்குப் பெயர்பெற்றது. மறு ஆண்டே அந்நிறுவனம் அதிர்வுதாங்கிகளை அச்சுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக மாற்றியமைத்தது. பெருநிறுவனம் காலந்தாழ்த்திக் கற்ற பாடத்தைச் சிறு பட்டறைகள் முன்பே அறிந்திருந்தன.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. அதன் பந்தயங்கள் சோழவரத்து ஓடுதளத்தில், ஆங்கில எழுத்து ‘டி’ வடிவப் பாதையில் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமையும்வரை அதுவே தென்னகத்தின் பந்தயக்களம். இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு நிலவிய காலம் அது. எனவே ஓடியவற்றில் பல, தெருவில் ஓடும் அம்பாசிடர், பியட், ஹெரால்டு ஆகியவற்றைப் பிரித்துக் கட்டிய வண்டிகள். கோவையின் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்யும் மரபு அது. சாண்டா ஆனாவின் மரபும் அதுவே.

அம்பாசிடரின் பின்னச்சும் பியட்டின் பின்னச்சும் பட்டைகளிலேயே அமர்ந்திருந்தன. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினுக்குப் பட்டையை நெளியவைக்கும் வலு குறைவு. ஆயினும் ஜி.எஸ்.டி. சாலையில் பட்டைக்கு ஓய்வில்லை. ஐவர்க்கான காரில் பத்துப்பேர் ஏறினர். லாரியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏறியது. இங்கே பட்டை தொய்ந்தது, அங்கே நெளிந்தது. கலிபோர்னியாவில் விசைக்கு எதிராக இரும்பு சேர்த்தனர். இங்கே சாலையோரப் பட்டறைகளில் பாரத்துக்கு எதிராகக் கூடுதல் பட்டை சேர்த்தனர், தொய்ந்த பட்டையை உலையிலிட்டுத் தட்டி வளைத்தனர். வண்டிச்சக்கரத்தின் வட்டையைச் சுற்றிய இரும்பையும் பட்டை என்றோம். லாரியின் வில்லையும் பட்டை என்றோம். கொல்லர் கையில் வேலை மாறியபோது சொல் மாறாமல் உடன்வந்தது.

அவ்வாறாயின் அவர்களுக்கு வரலாறு எழுதப்பட்டதும், நம்மவர்க்கு எழுதப்படாததும் எதனால்? திறமையின் ஏற்றத்தாழ்வு காரணமன்று என்பது நம் துணிபு. 1948இல் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய ‘ஹாட் ராட்’ இதழ், பட்டறைக்காரரின் கைவேலையைப் படமெடுத்து அச்சிட்டது. ஒருவர் கண்ட உத்தியை மற்றொருவர் படித்துத் திருத்தினார். திருத்தம் மீண்டும் அச்சேறியது. நம் பட்டறை அறிவு ஆசானிடமிருந்து கையாளுக்குக் கண்வழியும் கைவழியும் சென்றது. தமிழ் இதழ்கள் சிற்பியை எழுதின, தச்சரை ஓரளவு எழுதின. கருகிய கையோடு காரின் அடியில் படுத்திருந்தவரை எழுதவில்லை.

2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இன்றைய சிறுகார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுவன. பின்பட்டையும் இல்லை, அதைத் தட்டும் ஓசையும் இல்லை. லாரிகளின் புண்ணியத்தில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அத்தொழில் இன்னும் உயிரோடிருக்கிறது. தமிழ் பயிலும் மாணவர்கள் வட்டாரச் சொல்லகராதிக்கு உழவர்களிடமும் மீனவர்களிடமும் செல்கிறார்கள், அது நன்று. அப்பட்டியலில் பட்டை தட்டும் கொல்லரையும் சேர்த்துக்கொண்டால், சொற்களோடு ஒரு பொறியியலும் நமக்குக் கிட்டும். உலை எரியும்போதே சென்று கேட்பது நலம்.