வெல்ஸ் கண்ட குறையும் வெல்ஸ் விட்ட குறையும்

1927 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பேர்லின் நகரிலே 'மெற்றோபொலிஸ்' என்னும் மௌனப் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பிறிற்ஸ் லாங் நெறிப்படுத்திய அப்படத்தின் திரைக்கதையை அவருடைய மனைவியார் தேயா வொன் ஹார்போ அவருடன் சேர்ந்து எழுதினார். வானளாவிய மாடங்களிலே செல்வரும், நிலத்தின் அடியிலே தொழிலாளரும் வாழும் எதிர்கால நகரமொன்றே கதைக்களம். காட்சிகளைக் கண்டோர் வியந்தனர். கதையை எண்ணிப் பார்த்தோர் ஐயுற்றனர்.

ஐயுற்றோருள் ஒருவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ். அவ்வாண்டு நியூ யோர்க் ரைம்ஸ் இதழில் அவர் எழுதிய விமரிசனம் மிகக் கடுமையானது. இயந்திரம் பெருகுமிடத்து உடலுழைப்புக் குறையுமேயன்றி மிகுமா? மக்கள் யாவரும் வறியராயின் ஆலைப் பொருளை வாங்குவார் யார்? இவையே அவர் கண்ட குறைகள். தலைக்கும் கைக்கும் இடையே இதயம் தூது சென்றால் பிணக்குத் தீரும் என்ற முடிவை, வெறும் தேவதைக் கதை என லாங் தாமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1936 இல் வெல்ஸின் முறை வந்தது. 'திங்ஸ் ரு கம்' என்னும் படத்தை அலெக்சாண்டர் கோர்டா தயாரித்தார், திரைக்கதை வெல்ஸுடையது. 1940 நத்தார்ப் பொழுதில் போர் மூண்டு, விமானங்கள் நகரைக் குண்டுவீசி அழிக்கும் பகுதி நம்பத்தக்கதாய் அமைந்தது. உண்மைப் போர் 1939 இலேயே மூண்டது. அடுத்த ஆண்டில் இலண்டன் மக்கள் அக்காட்சியை நேரிலே கண்டனர்.

ஆனால், 2036 ஆம் ஆண்டைக் காட்டும் இறுதிப் பகுதி அவ்வாறு நிலைபெறவில்லை. இளைஞன் ஒருவனையும் நங்கை ஒருத்தியையும் பெரும் பீரங்கியில் ஏற்றிச் சந்திரனை நோக்கிச் சுடுகின்றனர். குழாயினுள் கணப்பொழுதில் எழும் வேகமே அவர்களை நசுக்கிவிடும். அமெரிக்கரான கொடார்ட் 1926 இலேயே திரவ எரிபொருள் ரொக்கெட்டைப் பறக்கவிட்டிருந்தார். லாங் 1929 இல் வெளியிட்ட சந்திரப் பயணப் படத்திலும், ஒபேர்த் என்னும் அறிஞரின் ஆலோசனைப்படி ரொக்கெட்டே இடம்பெற்றது. வெல்ஸால் எள்ளப்பட்டவர் இவ்விடத்தில் வெல்ஸை முந்திவிட்டார்.

எனினும், பீரங்கியினும் பெரிய குறை ஒன்று உண்டு. அங்கே மாந்தர் உரையாடுவதில்லை, பிரசங்கம் செய்கின்றனர். மகளை மரண அபாயத்துக்கு அனுப்பிய தந்தை, மானிட முன்னேற்றம் பற்றி முழங்குகிறார். பெற்ற மனம் பதைப்பதை மற்றத் தந்தையிடமே காண்கிறோம். அவரோ வாதத்தில் தோற்பதற்கென்றே நிறுத்தப்பட்டவர்.

விஞ்ஞானப் பிழையைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். தம்மைப் போல் அஞ்சாத, அழாத மனிதரை அவர்கள் நம்புவதில்லை. எதிர்காலத்தை எழுதப் புகுவோர் முதலிற் கற்கவேண்டியது மனித இயல்பையே.