ஈயக் குட்டையும் குடிநீரும்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் "குழாயிலிருந்து" என்பார்கள். தாத்தா பாட்டியின் விடை வேறாக இருக்கும். கிணற்று நீர், ஓடை நீர், தகரக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த மழைநீர் ஆகியவற்றை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கடலோரமாகத் தோண்டினால் உப்பு. சதுப்புக் காட்டுப் பக்கம் தோண்டினால் தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நீர். ஆகவே இங்கே நல்ல தண்ணீர் என்றால் அது சிலாங்கூர் ஆறுதான்.

பிரேசர் மலைப் பக்கம் தோன்றும் அந்த ஆறு கோலகுபு பாரு, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக வந்து கோலசிலாங்கூரில் கடலைச் சேருகிறது. மேலே கோலகுபுவில் இருந்த பழைய மண்ணணை 1883ஆம் ஆண்டில் உடைந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. அதிகாரி சிசில் ரேங்கிங்கும் மாண்டார். வெள்ளை முதலை ஒன்றை அவர் சுட்டதுதான் காரணம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். பின்னாளில் ஈயம் தோண்டிய மண் ஆற்றில் படிந்து, வெள்ளம் மேலும் மேலும் வந்ததால், ஊரையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 'பாரு' என்ற சொல் அப்படித்தான் அந்தப் பெயரோடு சேர்ந்தது.

ஆற்றைக் கெடுத்த அதே ஈயத் தொழில் பிற்காலத்தில் ஆற்றுக்கு உதவியாக வந்ததே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை நாம் தோட்ட ஊராகவே அறிவோம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே வணிக முறையில் செம்பனை பயிரிட்டார். நாட்டில் அதுவே முதல். ஆனால் தோட்டங்களுக்கு அருகிலேயே ஈயக் கப்பல்களும் வேலை செய்தன. கப்பல் என்றாலும் அது கடலைக் காணாத கப்பல். தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, வாளிச் சங்கிலியால் அடிமண்ணை அள்ளி, ஈயத்தை அலசி எடுத்துக்கொண்டு, மீதியைப் பின்புறம் கொட்டிச் செல்லும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. தொழில் நலிந்து, கப்பல்கள் ஓய்ந்தன. குட்டைகள் மட்டும் மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்து ஏரிகளாக நின்றன. பிள்ளைகளுக்கு அவை தூண்டில் போடும் இடம். தாய்மார்களுக்கோ தீராத அச்சம்.

இதற்கிடையே கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் பெருத்தன. 1998இன் வறட்சியில் அங்கே மாதக் கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. கோலகுபு பாரு அருகே 230 மில்லியன் கன மீட்டர் கொள்ளும் சிலாங்கூர் ஆற்று அணை எழுந்தது. அதற்காக கெராச்சி, பெரெத்தாக் என்னும் தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம் மாறின. நகரத்தார் குடிக்கும் நீருக்கு மலையடிவாரத்து மக்கள் கொடுத்த விலை அது. இடம்பெயர்வது இன்னதென்று தோட்டத்து மக்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அணை இருந்தும் 2014இல் மழை பொய்த்தது. பிப்ரவரி இறுதி தொடங்கி ஏப்ரல் வரை சிலாங்கூரில் மீண்டும் பங்கீடு. அப்போதுதான் பெஸ்தாரி ஜெயாவின் குட்டைகளிலிருந்து பம்பு வைத்து ஆற்றுக்கு நீர் இறைத்தார்கள். முறை எளிது. ஆறு பெருகும்போது உபரி நீரைக் குட்டையில் சேர்ப்பது. ஆறு வற்றும்போது சுத்திகரிப்பு நிலையத்திற்கு மேலே அதைத் திரும்ப விடுவது. ஆற்றின் குறுக்கே புதிய அணை வேண்டாம். கிராமங்களை மூழ்கடிக்க வேண்டாம். ஈயக் குட்டை நீரில் கன உலோகங்கள் இருக்குமோ என்று அன்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குட்டைக்குக் குட்டை, பருவத்துக்குப் பருவம் சோதித்துப் பார்த்தாலன்றி அந்த ஐயம் தீராது.

வறட்சி மட்டும் ஆபத்தன்று. 2020 செப்டம்பர் 3ஆம் நாள் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலசிலாங்கூர் உள்ளிட்ட ஏழு வட்டாரங்களில் 1,292 பகுதிகளுக்கு நீர் நின்றது. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியும் வாளி காலி! ஒரே ஆற்றை நம்பியிருப்பதன் குறை அன்று எல்லார்க்கும் விளங்கிற்று. மாசு வரும்போது ஆற்றை ஒதுக்கிவிட்டுக் குட்டை நீரை எடுக்கும் ஏற்பாட்டில் அரசு முனைந்தது அதன் பிறகுதான்.

தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1990ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பொதுக் குழாயிலிருந்து போதிய நீரைக் கட்டணமின்றித் தருவது தோட்ட முதலாளியின் கடமை என்கிறது. மாற்று நீர் எவ்வளவு சேர்ந்தாலும், லயத்து வாசல்வரை குழாய் வராத வீட்டுக்கு அதனால் பயன் இல்லை.

குட்டை நீரை யாரும் நேரே அள்ளிக் குடிக்க வேண்டாம். ஆற்றோடு கலந்து, படிகாரத்தால் கலங்கல் படிந்து, மணல் வடிகட்டியில் இறங்கி, குளோரின் சேர்ந்த பின்னரே அது குடிநீர். குட்டைக் கரையோ செங்குத்தானது, மண் சரியும். தூண்டிலோடு புறப்படும் பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.