தசையைத் தளர்த்தும் ஆணை

1875ஆம் ஆண்டில், மனநோயையும் நரம்பு நோயையும் பற்றிய ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில், முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறி எழும் நிகழ்வைப் பற்றி இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாயின. முதலாவது ஹைடல்பர்க் நகர மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் எழுதியது. இரண்டாவது பெர்லின் பேராசிரியரும் அவ்விதழின் ஆசிரியர்களுள் ஒருவருமான கார்ல் வெஸ்ட்பால் எழுதியது. இருவரும் கண்டது ஒன்றே எனினும் அதற்குக் கூறிய காரணம் வேறு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணைத் தட்டும்போது எழும் செய்தி தண்டுவடம் வரை சென்று, அங்கிருந்து ஆணையாகத் திரும்பித் தசையைச் சுருக்குகிறது, ஆகவே இது ஓர் அனிச்சைச் செயல் என்றார் எர்ப். தட்டலால் திடீரென இழுபட்ட தசை தானே சுருங்குகிறது, தண்டுவடத்துக்கு அதில் நேரடிப் பங்கில்லை என்றார் வெஸ்ட்பால்.

வெஸ்ட்பாலின் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அனிச்சைச் செயல் என்னும் கருத்து 1833இல் மார்ஷல் ஹால் லண்டன் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையாலேயே நிலைபெற்றிருந்தது. மூளையின் துணையின்றித் தண்டுவடமே உணர்ச்சி நரம்பின் செய்தியை இயக்க நரம்பின் ஆணையாக மாற்றித் தரும் என்பதை அறிவுலகம் ஏற்றிருந்தது. ஆனால் தவளையின் நரம்பில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வேகத்தில் செல்கிறது என 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்து காட்டியபின், அனிச்சைச் செயலுக்கு எவ்வளவு காலம் ஆகும் எனக் கணக்கிடுவது இயல்பாயிற்று. அந்தக் கணக்குக்குள் அடங்காத அளவு விரைவாக முழங்கால் உதறிற்று. உணர்ச்சி நரம்பின் வேர்களை அறுத்தால் உதறல் மறைந்துவிடும் என்ற சோதனையும் வழக்கை முடிக்கவில்லை. தண்டுவடம் ஓயாது தரும் மெல்லிய விறைப்பு தசைக்குத் தேவை, வேர் அறுபட்டதும் அந்த விறைப்புத்தான் போகிறது என்று எதிர்த் தரப்பு பதில் வைத்திருந்தது. மருத்துவர்கள் இந்த வாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. பால்வினை நோயான சிபிலிஸ் தண்டுவடத்தின் பின்புறத்தை அரிக்கும் நிலையில் முழங்கால் உதறல் அற்றுப்போகும் என்று வெஸ்ட்பாலே கண்டு சொன்னதால், காரணம் தெரியாத அச்சோதனை சில ஆண்டுகளிலேயே நோயறியும் முறையாக மருத்துவமனைகளுக்குள் புகுந்துவிட்டது.

இந்த வழக்கில் அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது சுருங்கும் தசையை மட்டுமே. சுருங்காத தசையைப் பார்த்தவர் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். முழங்காலை நீட்டுவது தொடையின் முன்புறத் தசை, மடக்குவது பின்புறத் தசை. ஒன்று வேலை செய்யும்போது மற்றது குறுக்கே நின்றால் கால் அசையாது. 1893இல் அவர் பின்புறத் தசைக்குச் செல்லும் நரம்பை அறுத்து, தண்டுவடத்தோடு இணைந்திருந்த முனையை மின்னோட்டத்தால் தூண்டிப் பார்த்தார். முழங்காலைத் தட்டினால் எழும் உதறல் அத்தூண்டலின்போது ஒடுங்கியது. ஒரு தசையின் நரம்பு வழியே உள்ளே போன செய்தி, அதன் எதிர்த்தசையின் வேலையை நிறுத்திவிட்டது என்பதே இதன் பொருள். மறு ஆண்டு அவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, தசைக்குச் செல்லும் நரம்பிழைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆணையைக் கொண்டுபோவன அல்ல, தசையிலிருந்து செய்தியைக் கொண்டுவருவன என்று காட்டியது. தசையிழைகளுக்கு இடையே பொதிந்துள்ள தசைக்கதிர் என்னும் நுண்ணுறுப்பே அவற்றுள் பலவற்றின் ஊற்று. தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதை அது ஓயாமல் தண்டுவடத்துக்குத் தெரிவிக்கிறது. அதுவரை வெறும் ஏவலாளாகக் கருதப்பட்ட தசை, ஒரு புலனுறுப்பும் ஆயிற்று.

நரம்பு ஒன்றைத் தூண்டினால் ஓர் உறுப்பின் வேலை நிற்கக்கூடும் என்பது முற்றிலும் புதிய செய்தியன்று. வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத்துடிப்பு நின்றுவிடுவதை வேபர் சகோதரர்கள் 1845இலேயே காட்டியிருந்தனர். ரஷ்யாவின் செச்செனோவ் தவளையின் மூளைப் பகுதியில் உப்புப் படிகம் வைத்துத் தண்டுவட அனிச்சைகளைத் தணித்திருந்தார். ஆனால் இதயத்துக்கு நிறுத்தும் நரம்பு தனியே இருக்கிறது; நண்டின் கொடுக்குத் தசைக்கும் அப்படியொன்று உண்டு. மனிதனையும் பூனையையும் போன்ற முதுகெலும்பிகளின் எலும்புத் தசைக்கோ, தளரச் சொல்லும் நரம்பு என்று ஒன்றுமே செல்வதில்லை. ஆகவே நிறுத்துதல் தசையில் நிகழவில்லை, அத்தசையின் இயக்க நரம்பணு தண்டுவடத்துக்குள் ஆணை பிறப்பிக்கும் இடத்திலேயே நிகழ்கிறது என்று ஷெரிங்டன் முடிவு செய்தார். தசையின் தளர்ச்சி ஆணை இல்லாமையால் வருவது என்று எண்ணுவது எளிது. அதுவும் தண்டுவடம் செய்யும் வேலையே என்று கண்டதுதான் இக்கதையின் பெரிய திருப்பம். முழங்கால் உதறலின் புகழில் இந்தப் பகுதி இன்றும் மறைந்தே கிடக்கிறது.

அந்த நிறுத்தம் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கான சான்றைத் தமிழ்நாட்டுக் காடுகளில் தாராளமாக வளரும் எட்டி மரம் தந்தது. அதன் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு 1818 முதற்கொண்டே வேதியியலாருக்குத் தெரிந்திருந்தது. 1905இல் ஷெரிங்டன் அதைப் பூனைக்குச் செலுத்தியபோது, வழக்கமாக ஒரு தசையைத் தளரச் செய்யும் தூண்டலே அத்தசையைச் சுருங்கச் செய்தது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இறுகின. டெட்டனஸ் என்னும் இசிவுநோயின் கிருமி நஞ்சும் இதையே செய்தது. டெட்டனஸ் கண்டவரின் தாடை பூட்டிக்கொள்வதும் முதுகு வில்லாக வளைவதும் வலிமை மிகுந்த தசை தன் எதிர்த்தசையை வெல்வதால் நேர்வன. வாயைத் திறக்கும் தசையும் அப்போது இறுகியே இருக்கிறது, மூடும் தசையே பலமானது என்பதால் வாய் மூடுகிறது.

எர்ப், வெஸ்ட்பால் வழக்குக்கு இதற்குப் பின்னரே தீர்ப்பு கிடைத்தது. இழுபட்ட தசை தண்டுவடத்தின் வழியாகவே சுருங்குகிறது என்பதை 1924இல் லிடெலும் ஷெரிங்டனும் பூனையில் நிறுவினர். 1943இல் டேவிட் லாயிட், தசைக்கதிரின் உணர்ச்சியிழை இடையில் வேறெந்த நரம்பணுவும் இன்றி இயக்க நரம்பணுவோடு நேரே சந்திக்கிறது என்று காட்டினார். நரம்பணுக்கள் சந்திக்கும் அந்த இடத்துக்கு சினாப்ஸ் என்ற பெயரை 1897இல் அச்சில் ஏற்றியவரும் ஷெரிங்டனே. இப்பாதையில் அத்தகைய சந்திப்பு ஒன்றே ஒன்று. அதைக் கடக்க ஒரு மில்லிநொடிகூட ஆவதில்லை. உணர்ச்சியிழையோ நரம்பிழைகளிலேயே மிகப் பருத்தது, பூனையில் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துவது. மனிதரில் தட்டலுக்குப்பின் ஏறத்தாழ 20 மில்லிநொடியில் தொடைத்தசை விழித்துக்கொள்கிறது. எர்ப் சொன்னதே சரி. ஆயினும் அனிச்சைக்கு இத்தனை வேகம் எப்படி வரும் என்று வெஸ்ட்பாலின் தரப்பினர் விடாமல் கேட்ட கேள்வியும் வீண் கேள்வியன்று.

நிறுத்தம் எவ்வாறு நிகழ்கிறது என்பதுதான் மீதி. ஷெரிங்டனின் மாணவரான ஜான் எக்லஸ், நரம்பணுக்களிடையே செய்தி மின்னோட்டமாகவே தாவுகிறது, வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை என்று பல்லாண்டு வாதாடியவர். 1951இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் அவரும் அவருடைய குழுவினரும் நுண்கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பூனையின் தண்டுவடத்தில் உள்ள ஒற்றை இயக்க நரம்பணுவுக்குள்ளேயே செலுத்தினர். அது முழங்காலை மடக்கும் தசைக்குரிய நரம்பணு. நீட்டும் தசையின் நரம்பைத் தூண்டியபோது, எக்லஸின் கொள்கைப்படி அந்த அணுவுக்குள் மின்னழுத்தம் ஒரு திசையில் நகர வேண்டும். அது எதிர்த்திசையில் நகர்ந்தது. ஏற்கெனவே எதிர்மின் 70 மில்லிவோல்ட் அளவில் இருந்த அணுவின் உட்புறம் மேலும் எதிர்மின் பக்கமாகச் சென்று, ஆணை பிறப்பிக்க இயலாத நிலையை அடைந்தது. வேதிப்பொருள் ஒன்று இடையில் வந்தாலன்றி இது நடவாது எனக் கண்ட எக்லஸ், தம் பழைய கொள்கையை அப்போதே கைவிட்டார். இடையே ஒரு சிறு நரம்பணு நின்று அப்பொருளை உமிழ்கிறது என்பதும், அப்பொருள் கிளைசின் என்பதும் பின்னர் தெரியவந்தன. எட்டியின் நஞ்சு அந்தக் கிளைசின் வந்து பற்றும் இடத்தை அடைத்துவிடுகிறது. டெட்டனஸ் நஞ்சு அது வெளிப்படாமலே செய்துவிடுகிறது.

(தொடரும்)