டிரைவருக்குத் தனி அறை

கணினியின் நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் ‘டிரைவர்’ என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘பிலோத்’ என்று பெயர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தி வருபவரும் பிலோத்தான். அவர் தவறினால் கப்பலே தரைதட்டும்.

கணினியிலும் அப்படித்தான். வழக்கமான இயங்குதளங்களில் பெரும்பாலான டிரைவர்கள், எல்லாவற்றையும் ஆளும் ‘கெர்னல்’ பகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு பிழை வந்தால் கணினி முழுவதும் முடங்கிவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததே ‘மைக்ரோகெர்னல்’. இன்றியமையாத சில வேலைகளை மட்டும் கெர்னல் வைத்துக்கொள்ளும். மற்றவை தனித்தனி அறைகளில் நடக்கும். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதிலுள்ள சங்கடம் உடனே புரியும்: பிரிவுகள் பெருகினால் கோப்பு நகரத் தாமதமாகும். அமெரிக்காவில் 1980-களில் உருவான ‘மாக்’ என்ற மைக்ரோகெர்னலுக்கு இந்தத் தாமதத்தால்தான் கெட்ட பெயர் வந்தது.

குறை கொள்கையில் இல்லை, கட்டிய விதத்தில்தான் என்று 1993-இல் காட்டியவர் ஜெர்மானியரான யோகன் லீட்கே. அவருடைய ‘எல்4’ மிகச் சிறியது, மிக வேகமானது. 1997-இல் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, லினக்ஸையே எல்4-இன் மேல் ஓட்டினார். வேக இழப்பு சுமார் 5 சதவீதம்தான். பின்னர் கார்ல்ஸ்ரூவில் பேராசிரியரானார். 2001-இல் காலமானபோது அவருக்கு வயது 48.

ஒரு பெரிய சிக்கல் மீதமிருந்தது. சந்தையில் உள்ள ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு டிரைவர் வேண்டும். புதிய கெர்னலுக்காக அத்தனையையும் யார் திரும்ப எழுதுவது? அவர் வழிநடத்திய கார்ல்ஸ்ரூ குழுவைச் சேர்ந்த லெவாஸர் முதலான நால்வர் 2004-இல் விடை கண்டார்கள். லினக்ஸ் டிரைவரை ஓர் எழுத்துகூட மாற்றாமல், லினக்ஸோடு சேர்த்தே ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்துவிட்டார்கள். மற்ற மெய்நிகர் கணினிகள் தங்கள் தபாலை அந்த அறையில் கொடுத்து அனுப்பும். அந்த அறை விழுந்தால், அதை மட்டும் மீண்டும் எழுப்பினால் போதும். எல்4 இங்கே அறைகளைப் பிரித்து நிறுத்தும் ‘ஹைப்பர்வைசர்’ ஆயிற்று. நெட்வொர்க் வேகம் 3 முதல் 8 சதவீதம்தான் குறைந்தது.

ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. நெட்வொர்க் கார்டு, யாரையும் கேட்காமல் நினைவகத்தில் நேரடியாக எழுத வல்லது. கெட்டுப்போன டிரைவர் அதைக்கொண்டு அடுத்த அறையின் ஏட்டிலும் கிறுக்கிவிடலாம். அதைத் தடுக்கும் காவல் வசதி, சாதாரணக் கணினிகளின் வன்பொருளில் சில ஆண்டுகள் கழித்துத்தான் பரவலாக வந்தது.

டிரைவரில் பிழையே வராது என்று இவர்கள் நம்பவில்லை. வரும் என்று வைத்துக்கொண்டே கட்டினார்கள். ஒருவர் தவறினாலும் அலுவலகம் நடக்கவேண்டும் என்பது நமக்கும் பழகிய பாடம்தானே, நண்பர்களே!