இஸ்தான்புல் கே. ஜில்ஜியன் சிம்பல்கள்

துருக்கியின் இஸ்தான்புல் நகரில், ஜில்ஜியன் என்ற ஆர்மேனியக் குடும்பத்தின் பட்டறையில் கையால் அடித்துச் செய்யப்பட்ட வெண்கலத் தட்டுகள் இப்பெயரால் வழங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 1970களின் இறுதிவரை இவை உருவாயின. ஜாஸ் டிரம் கலைஞர்களின் தனிவிருப்பமாகத் தொடங்கி, இன்று உலகெங்கும் தேடிச் சேகரிக்கப்படும் பழம்பொருள்களாகியுள்ளன. ஒன்றைப் போல் மற்றொன்று ஒலிக்காது என்பதே இவற்றின் தலையாய சிறப்பு.

தோற்றம்

செம்பும் வெள்ளீயமும் கலந்த தனிக் கலவையொன்றை அவெதிஸ் என்ற உலோக வினைஞர் 1618இல் கண்டறிந்தார் என்பது குடும்ப மரபு. ஒட்டோமான் அரசின் படையணி இசைக்குழுக்களுக்குச் சிம்பல்கள் தேவைப்பட்டன. ஜில்ஜியன் என்ற பட்டப்பெயர் சுல்தான் வழங்கியது; 1623 முதல் இஸ்தான்புல்லின் சமாத்யா பகுதியில் பட்டறை இயங்கியது. அக்குடும்பத்தில் பின்வந்த இரண்டாம் அவெதிஸ் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் தம் சிம்பல்களை வைத்து ஐரோப்பிய இசைக்குழுக்களின் கவனத்தை ஈர்த்தார். 1865இல் அவர் மறைந்தபின் தம்பி கெரோப் தொழிலை ஏற்றார். அவர் பெயரின் முதலெழுத்தே 'கே.' என்ற முத்திரையாக நிலைத்தது.

செய்முறை

கலவையில் ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பு, 20 விழுக்காடு வெள்ளீயம். சிறிதளவு வெள்ளியும் உண்டு. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தை மெல்ல ஆறவிட்டால் நொறுங்கும் தன்மை பெறும். செஞ்சூட்டில் நீரில் தோய்த்தால் அடி தாங்கும். எஃகு நடந்துகொள்வதற்கு இது நேரெதிர். தமிழகத்திலும் இந்நுட்பம் தொன்மையானது: ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிப் புதைகுழிகளிலும் கிடைத்த வெண்கலக் கலங்கள் சில இம்முறையில் செய்யப்பட்டவை என உலோகவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன.

வார்த்தெடுத்த வெண்கல வில்லையைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக்குவர். நடுக்குமிழை எழுப்பி, நீரில் தோய்த்து, பட்டடைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பர். தட்டுக்கு வளைவு கொடுப்பது இந்த அடிகள்தான். இறுதியில் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, உளியைக் கையால் அழுத்திச் சீவுவர். அடியின் ஆழம், இடைவெளி, சீவலின் அளவு எல்லாம் வினைஞரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தவை. ஆகவே ஒரே நாளில் செய்த இரு தட்டுகளும் வேறுவேறு குரல் கொண்டிருந்தன.

அமெரிக்காவும் ஜாஸும்

குடும்பத்தின் மற்றொரு கிளையினரான மூன்றாம் அவெதிஸ் 1929இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குயின்சி நகரில் தனி நிறுவனம் தொடங்கினார். அங்கு உருவானவை 'ஏ. ஜில்ஜியன்' எனப்பட்டன. இஸ்தான்புல் பட்டறையின் 'கே.' சிம்பல்களை டிரம் தயாரிப்பாளரான கிரெட்ச் நிறுவனம் அமெரிக்காவில் விற்றது. ஒரே குடும்பப்பெயர் தாங்கிய இருவகைச் சிம்பல்கள் ஒரே சந்தையில் போட்டியிட்டன.

'ஏ.' பொதுவாகப் பளிச்சென்று ஒலிக்கும், 'கே.' கருமையும் கரகரப்பும் கூடியது. பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் காலத்தில் தாளத்தின் ஓட்டம் பெரிய டிரம்மிலிருந்து, குச்சியால் தொடர்ந்து தட்டப்படும் ரைட் சிம்பலுக்கு மாறியபோது, குச்சியின் தட்டல் தெளிவாகக் கேட்கவும் அதன் பின்னணி முழக்கம் மற்ற வாத்தியங்களை மூடாதிருக்கவும் வேண்டியிருந்தது. நல்ல 'கே.' இரண்டையும் தந்தது. எல்வின் ஜோன்ஸ், மெல் லூயிஸ், டோனி வில்லியம்ஸ் முதலியோர் இவற்றைத் தம் அடையாளமாக்கினர். 1967இல் ஒலிப்பதிவான மைல்ஸ் டேவிஸின் 'நெஃபெர்டிட்டி' தொகுப்பில் வில்லியம்ஸின் ரைட் சிம்பலைக் கேட்போருக்கு இந்த ஒலியின் இலக்கணம் விளங்கும்.

முடிவும் தொடர்ச்சியும்

1968இல் அமெரிக்க நிறுவனம் 'கே.' வணிகப்பெயரின் உரிமையை வாங்கியது. 1970களின் இறுதியில் இஸ்தான்புல் உற்பத்தி நின்றது. அப்பட்டறையில் சிறுவயதிலேயே தொழில் பழகிய அகோப் தொமுர்ஜுக், மெஹ்மெத் தம்தெயர் இருவரும் 1980களின் தொடக்கத்தில் 'இஸ்தான்புல்' என்ற பெயரில் புதிய பட்டறை கண்டனர். 1996இல் அகோப் மறைந்தபின் அது இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெத் என இரண்டாயிற்று. அமெரிக்க நிறுவனமும் 1980களில் 'கே.' வரிசையைத் தன் ஆலையில் மீண்டும் தொடங்கியது.

சேகரிப்பும் ஒப்பீடும்

காலத்தை அறிய முதற்சான்று முத்திரை. பழைய முத்திரை 1950களின் இறுதிவரை, இடைக்கால முத்திரை ஏறத்தாழ 1959 முதல் 1967 வரை, புதிய முத்திரை அதன்பின் என்று சேகரிப்பாளர்கள் வகுப்பர். 'கான்ஸ்டான்டிநோபிள்' என்று பொறித்தவை இவற்றினும் மூத்தவை.

அடுத்தது எடை. 20 அங்குலத் தட்டு 1,700 கிராமிலும் உண்டு, 2,300 கிராமைத் தாண்டியும் உண்டு. கனம் கூடினால் சுருதி உயரும், குச்சியொலி கூர்மையாகும். மெலிந்தால் முழக்கம் விரியும். ஆயினும் சம எடையுள்ள இரண்டு தட்டுகள் வளைவின் உயரத்தாலும் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள தடிப்பு வேறுபாட்டாலும் முற்றிலும் வேறாக ஒலிக்கலாம். எனவே எடையை மட்டும் கேட்டு வாங்குவது பயன் தராது. ஒரே குச்சியால், ஒரே அறையில், ஒரே உயரத்தில் நிறுத்தி, முதலில் மெல்லவும் பின்னர் வேகமாகவும் வாசித்து ஒப்பிடுவதே முறை.

தட்டைச் சாய்ந்த ஒளியில் திருப்பினால் சுத்தியலின் குழிகளும் கடைசல் வரிகளும் எழுந்து தெரியும். விளிம்பை நகத்தால் வருடிச் சென்றால் கண்ணுக்குப் படாத விரிசலும் தட்டுப்படும். நடுத்துளை தாங்குகம்பியில் உராய்ந்து ஒருபக்கம் நீண்டிருப்பது நெடுநாள் உழைத்த தட்டின் அடையாளம். சலசலப்பு ஒலிக்காகப் பொருத்தும் ரிவெட் ஆணிகளுக்காகப் போட்ட துளைகளும் விரிசலைத் தடுக்கத் துளைத்த இடங்களும் விலையைக் குறைக்கும்.

இந்தச் சிம்பல்களுக்குப் பெரும் பகை மெருகுபூச்சு. எந்திரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரை மழுங்கும், கடைசல் வரிகள் தேயும், பல பத்தாண்டுகளில் படிந்த பழுப்பும் போகும். இழந்ததை மீட்க வழியில்லை. பழைய 'கே.' ஒன்று கைக்கு வந்தால் மென்துணியால் தூசு துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் பூட்டாமல் வாசிக்கவும் வேண்டும்.